சோளிங்கர்க் களத்தில் ஹைதர் அலி

நுழையும்முன்

வரலாற்றில் பெரும்போர்களே பேசப்படுகின்றன. ஒரே பகலில் தொடங்கி அந்திக்குள் முடிந்துபோன சிறு மோதல்கள் ஊர்ப்பெயராக மட்டும் எஞ்சுகின்றன. ஆயினும், ஒரு தலைவரின் ஆற்றலையும் அவருடைய எல்லையையும் ஒருங்கே காட்டும் களம் சில வேளைகளில் அத்தகைய சிறு மோதலாகவே அமைந்துவிடுகிறது. எழுத்தறியாத படைவீரராகத் தொடங்கி, ஆங்கிலேயரைச் சென்னையின் வாயிலிலேயே பணியவைத்தவர் ஹைதர் அலி. அவரது வாழ்வைச் சோளிங்கர்க் களத்தில் நின்று நோக்குகிறது இப்பாடம்.

குன்றும் களமும்

இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்துள்ளது சோளிங்கர். வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருத்தலங்களுள் ஒன்றாகிய திருக்கடிகை இவ்வூரே. பெரிய மலையின்மேல் யோக நரசிம்மரும் சிறிய மலையின்மேல் அனுமனும் கோயில் கொண்டுள்ளனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறிச்சென்று மேலிருந்து நோக்குவோர்க்கு நெல்வயல்களும் ஏரிகளும் கரும்பாறைக் குன்றுகளும் கண்ணெட்டும் தொலைவுவரை விரியும். தெற்கே பாலாறும், மேற்கே சித்தூர் மலைகளும், தென்மேற்கே வேலூர்க் கோட்டையும் சூழ்ந்த இந்நிலப்பகுதி, கருநாடகச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடைப்பட்ட வாயிலாக விளங்கியது. ஆற்காட்டை ஆள விரும்பியவர் எவரும் இவ்வழியைக் கைக்கொள்ளாமல் ஆள இயலவில்லை.

1781ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் இக்குன்றுகளின் அடிவாரத்தில் இரு படைகள் எதிரெதிரே நின்றன. ஒருபுறம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தின் தளபதி அயர் கூட்; மறுபுறம் மைசூரின் ஆட்சியாளர் ஹைதர் அலி. அன்று ஹைதர் அலி ஏறத்தாழ அறுபது அகவையை எட்டியிருந்தார். அந்தக் களத்துக்கு அவர் வந்துசேர்ந்த வழி மிக நீண்டது.

எளிய தொடக்கம்

ஹைதர் அலி, 1720ஆம் ஆண்டையொட்டி, கோலாருக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டை என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பதே முகம்மது படைத்தலைவராகப் பணியாற்றியவர். ஹைதர் சிறுவனாக இருந்தபோதே போரில் உயிர்நீத்தார். தந்தையை இழந்த குடும்பம் வறுமையில் உழன்றது. பள்ளி சென்று எழுத்தறியும் வாய்ப்பு ஹைதருக்குக் கிட்டவில்லை. பின்னாளில் அரசாணைகளில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டுமே இட்டுக் கையொப்பமாக்கினார். ஆயினும், அவரது நினைவாற்றல் வியப்புக்குரியது. கணக்குகளையும் கடிதங்களையும் பிறர் படிக்கக் கேட்டே மனத்தில் பதித்துக்கொள்வார். பொய்க்கணக்குக் காட்டுவோர் அவரிடம் தப்ப இயலாது. கன்னடம், தெலுங்கு, மராத்தி, உருது, தமிழ் ஆகிய மொழிகளில் உரையாடும் திறனும் அவருக்கு வாய்த்திருந்தது.

தமையனைப் பின்பற்றி மைசூர்ப் படையில் சேர்ந்த ஹைதர், 1749ஆம் ஆண்டு தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் தமது துணிவால் மேலோரின் கவனத்தை ஈர்த்தார். திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நிகழ்ந்த கருநாடகப் போர்களில் அவர் பங்கேற்றார். ஐரோப்பியர் தம் காலாட்படையை வரிசையில் நிறுத்திச் சுடுவதையும், பீரங்கிகளை விரைந்து இடம்பெயர்த்துப் பயன்படுத்துவதையும் அங்கே கூர்ந்து நோக்கினார். வீரம் மட்டுமே வெற்றி தராது. ஒழுங்கும் கருவியும் வேண்டும் என்பதை அவர் கற்ற இடம் தமிழ்நிலமே.

திண்டுக்கல் தந்த வலிமை

1755ஆம் ஆண்டு ஹைதர் அலி திண்டுக்கல்லின் படைத்தலைவராக அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு அங்கே படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். துப்பாக்கிகளும் பீரங்கிகளும் பழுதுபார்க்கப்பட்டன, புதியனவும் உருவாயின. கூலிக்காகத் திரண்ட கூட்டத்தை முறையான படையாக மாற்றும் பயிற்சி இங்குத்தான் வேர்கொண்டது.

1761ஆம் ஆண்டளவில் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. உடையார் மரபின் அரசரை அரியணையில் வைத்துக்கொண்டே ஆட்சியைத் தாம் நடத்தினார். 1763ஆம் ஆண்டு செல்வவளம் மிக்க பெத்தனூரைக் கைப்பற்றினார். அங்கே வழங்கிய சிவன், பார்வதி உருவம் பொறித்த பொன் வராகனை நிறுத்திவிடாமல், அவ்வுருவங்களோடே தம் நாணயத்தையும் வெளியிட்டார். குடிமக்களின் நம்பிக்கை எதுவாயினும், திறமையும் நேர்மையும் உடையோரைப் பொறுப்பில் அமர்த்துவது அவர் வழக்கம்.

சென்னையின் வாயிலில்

1767ஆம் ஆண்டு முதலாம் மைசூர்ப் போர் மூண்டது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நிகழ்ந்த போர்களில் ஹைதர் அலி பின்னடைவு கண்டார். ஆயினும் தளரவில்லை. வாணியம்பாடியைக் கைப்பற்றி, ஆம்பூர்க் கோட்டையை ஏறத்தாழ ஒரு திங்கள் முற்றுகையிட்டார். குன்றின்மேல் அமைந்த அக்கோட்டை அவருக்கு வசப்படவில்லை. இன்று தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூர்கள், அன்று படைகள் கடந்துசெல்லும் பெருவழியில் இருந்தமையால் மீண்டும் மீண்டும் போரின் சுமையைத் தாங்கின.

நேருக்குநேர் மோதி ஆங்கிலேயரை வெல்வது கடினம் என்பதை உணர்ந்த ஹைதர் அலி, வேறொரு வழியைத் தேர்ந்தார். 1769ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எதிரிப்படையைத் தொலைவில் அலையவிட்டுவிட்டு, விரைந்து செல்லும் குதிரைப்படையோடு சென்னையின் புறநகரை வந்தடைந்தார். கோட்டையில் இருந்தவர்கள் திகைத்தனர். ஏப்ரல் திங்களில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருவரை எவரேனும் தாக்கினால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதன் முதன்மையான கூறு. ஆனால், சில ஆண்டுகளிலேயே மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர் உதவிக்கு வரவில்லை. வாக்குத் தவறிய அச்செயல் ஹைதர் அலியின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

இந்த இடைக்காலத்தில்தான், 1772ஆம் ஆண்டு காளையார்கோயில் போரில் கணவரை இழந்த வேலுநாச்சியார் அவரிடம் உதவி நாடினார். உருது மொழியில் உரையாடிய அவரது ஆற்றலையும் உறுதியையும் கண்டு வியந்த ஹைதர் அலி, அவருக்கு அடைக்கலமும் படையுதவியும் வழங்கினார். அவ்வுதவி, 1780ஆம் ஆண்டு வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்பதற்குத் துணைநின்றது.

பொள்ளிலூர் வெற்றி

1779ஆம் ஆண்டு, ஹைதர் அலிக்குப் படைக்கலங்கள் வந்திறங்கிய மாகி துறைமுகத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதுவே உடனடிக் காரணமாயிற்று. 1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் கொண்ட படையுடன் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகக் கருநாடகச் சமவெளியில் இறங்கினார்.

செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் சூழ்ந்துகொண்டனர். மைசூர்ப் படையினர் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செய்த ஏவுகணைகளைப் பயன்படுத்தினர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை நிலைகுலைந்தது. பெய்லி சிறைப்பட்டார். அருகிலேயே இருந்த மன்றோ, தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். சில வாரங்களில் ஆற்காடும் ஹைதர் அலியின் வசமாயிற்று.

இந்நிலையில் வங்கத்திலிருந்து அயர் கூட் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1760ஆம் ஆண்டு வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை வென்ற தளபதி அவர். 1781ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பறங்கிப்பேட்டையிலும், ஆகஸ்டு 27ஆம் நாள் மீண்டும் பொள்ளிலூரிலும் இருவரும் மோதினர். பறங்கிப்பேட்டையில் ஹைதர் அலி தோற்றார். பொள்ளிலூரில் எவருக்கும் முழுவெற்றி கிட்டவில்லை. சரியாக ஒரு திங்கள் கழித்து வந்தது சோளிங்கர்ப் போர்.

சோளிங்கரில் ஒரு பகல்

அப்போரின் அடிப்படையில் இருந்தது பசி. வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்று மைசூர்ப் படையின் முற்றுகைக்குள் சிக்கி, உணவின்றித் தவித்தது. அதை மீட்கப் புறப்பட்ட அயர் கூட்டின் படையிலும் சில நாள்களுக்கு மேல் அரிசி இல்லை. வண்டி இழுக்கப் போதிய மாடுகளும் இல்லை. வேலூருக்குச் செல்லும் வழியை மறித்துச் சோளிங்கருக்கு அருகே பாசறை அமைத்திருந்தார் ஹைதர் அலி.

செப்டம்பர் 27ஆம் நாள் காலையில், அயர் கூட் சிறு பிரிவு ஒன்றுடன் எதிரியின் நிலையை அறியச் சென்றார். மைசூர்ப் படையின் முன்னணி வீரர்கள் காவலிருந்த பாறைத்திட்டு ஒன்று வழியில் குறுக்கிட்டது. அவர்களை விலக்கி அதன்மேல் ஏறிநின்று பார்த்தபோது, ஹைதர் அலியின் பெரும்படை முழுவதும் சிறிது தொலைவில் கண்முன் விரிந்து கிடந்தது. மறுநொடியே தம் படை முழுவதையும் அழைத்துவர ஆளனுப்பினார்.

ஹைதர் அலி அன்று போரை எதிர்பார்க்கவில்லை. உணவும் மாடும் இல்லாத எதிரி, அன்றே தாக்கத் துணியமாட்டார் என்பது அவர் கணிப்பு. ஆகவே, அவருடைய பீரங்கிகளை இழுக்கும் மாடுகள் மேய்ச்சலுக்குச் சென்றிருந்தன. ஆள்களுள் பலர் தானியமும் தீவனமும் தேடிச் சிதறியிருந்தனர். பதினோராயிரம் பேருக்குச் சற்று மிகுதியான ஆங்கிலேயப் படையைவிட மைசூர்ப் படை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியது. எனினும், மாடுகள் இல்லாமல் பீரங்கிகள் நகரா. பீரங்கிகளை விட்டுவிட்டால் ஹைதர் அலியின் வலிமையில் பாதி போய்விடும்.

ஆங்கிலேயக் காலாட்படை வரிசை அமைத்து நெருங்கியது. அப்போது ஹைதர் அலி எடுத்த முடிவு கடுமையானது. பீரங்கிகளைப் பின்னுக்கு இழுத்துச்செல்வதற்கு வேண்டிய நேரத்தை ஈட்டித் தரும்படி தம் தேர்ந்த குதிரைப்படைக்கு ஆணையிட்டார். குதிரை வீரர்கள் சுடுபடையின் வரிசையை நோக்கி நேராகப் பாய்ந்தனர். படைப்பிரிவுகளுக்கு இடையே திறந்திருந்த வழியில் புகுந்த அவர்கள்மேல் இருபுறமும் குண்டுமாரி பொழிந்தது. பலர் வீழ்ந்தனர், எஞ்சியோர் வரிசையைக் கடந்து மறுபுறம் சென்று தப்பினர். அம்மோதலில் குதிரைப்படையின் கொடியொன்றைச் சென்னைச் சிப்பாய்கள் கைப்பற்றினர்.

அவ்வீரர்கள் ஈட்டித் தந்த நேரத்துக்குள், ஒரேயொரு பீரங்கி தவிர ஏனைய அனைத்தும் களத்திலிருந்து அகற்றப்பட்டன. அந்தி சாய்ந்தபோது களம் ஆங்கிலேயர் வசமிருந்தது. அவர்கள் தரப்பில் இழப்பு நூறு பேரளவே; மைசூர்த் தரப்பில் இழப்பு மிகப் பெரிது. எனினும், துரத்திச் செல்லக் குதிரையும் இல்லை. மறுநாள் உண்ண அரிசியும் இல்லை என்னும் நிலையில், வென்ற படை நின்ற இடத்திலேயே நின்றது.

வெற்றியின் அளவு

ஒரு கொடி, ஒரு பீரங்கி, ஒரு நாள் களம் என்று எண்ணினால் சோளிங்கர் சிறு போரே. ஆனால், அதன் விளைவு சிறிதன்று. அதுவரை ஹைதர் அலியைச் சார்ந்திருந்த சித்தூர்ப் பகுதிப் பாளையக்காரர்கள் சிலர் அவரை விட்டு விலகினர். அவர்களது மலைநாட்டிலிருந்து ஆங்கிலேயருக்குத் தானியம் கிடைத்தது. நவம்பர்த் திங்களில் வேலூர்க் கோட்டைக்கு உணவு போய்ச்சேர்ந்தது.

ஹைதர் அலியும் ஓய்ந்துவிடவில்லை. ஒரு திங்களுக்குள், அக்டோபர் 23ஆம் நாள், தானியம் திரட்டச் சென்றிருந்த கர்னல் ஓவனின் சிறு படைப்பிரிவின்மேல் எதிர்பாராமல் பாய்ந்து, அதைக் கணவாய் வழியே பின்வாங்கச் செய்தார். தோற்ற மறுநாளே அடுத்த போருக்கு ஆயத்தமாவது அவரது இயல்பு. பீரங்கிகளையும் படையின் கட்டுக்கோப்பையும் காத்துக்கொண்டமையால்தான் அது இயன்றது.

களத்தில் நின்றோர்

சோளிங்கரில் ஆங்கிலக் கொடியின்கீழ் நின்றோருள் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தவர்கள். மைசூர்க் கொடியின்கீழ் நின்றோரும் அவர்களை ஒத்தவர்களே. இருதரப்புக்கும் பசி பொதுவாயிருந்தது. பின்னாளில் ஆங்கிலேய அரசு, சென்னைப் படைப்பிரிவுகள் சிலவற்றுக்குச் சோளிங்கர் என்னும் பெயரையே போர்ச்சிறப்பாக வழங்கியது. களத்தில் வீழ்ந்தோரின் பெயர்களோ எந்தக் கொடியிலும் இடம்பெறவில்லை.

போரின் பெருஞ்சுமை ஊர்களின்மேல் விழுந்தது. ஆங்கிலேயருக்கு உணவு கிடைக்கக்கூடாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றிய நாட்டுப்புறத்தை ஹைதர் அலியின் குதிரைப்படை எரித்துப் பாழாக்கியது. ஏரிகள் உடைந்தன; உழவர் ஊரைவிட்டு ஓடினர். பஞ்சம் சென்னையைச் சூழ்ந்தது. 1782ஆம் ஆண்டு, பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்க இராயபுரத்துக்கு அருகே சத்திரம் ஒன்று எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்றும் கஞ்சித்தொட்டி என்றும் மக்கள் வழங்கிய அவ்விடமே, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம். ஹைதர் அலியின் வீரத்தைப் போற்றும் நாம், அவர் தேர்ந்த இப்போர்முறைக்கு எளிய மக்கள் கொடுத்த விலையையும் மறத்தலாகாது.

இறுதி நாள்கள்

1782ஆம் ஆண்டு பிப்ரவரியில் காவிரிக் கரைநாட்டில் திப்பு, கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையை வென்றார். பிரெஞ்சுக் கப்பற்படையும் கருநாடகக் கரைக்கு வந்தது. சூன் திங்களில் ஆரணியில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மீண்டும் ஒருமுறை மோதினர். ஆனால், நிலத்தில் எத்தனை படைகளை அழித்தாலும், கடல்வழியே ஆங்கிலேயருக்குப் புதிய படையும் உணவும் வந்துகொண்டேயிருக்கும் என்பதை ஹைதர் அலி உணர்ந்திருந்தார். தம் வாழ்நாளின் இறுதிப் போரில் அவர் எதிர்கொண்ட பெரும் தடை அதுவே.

அவ்வாண்டின் இறுதியில் முதுகில் தோன்றிய பிளவைக்கட்டி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் அவர் உயிர்நீத்தார். மலபாரில் இருந்த திப்பு வந்துசேரும்வரை அச்செய்தி படைக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது. அமைச்சர்கள் நாள்தோறும் அவர் பெயரால் பணிகளை நடத்தினர், படை கலையவில்லை. உடல் முதலில் கோலாருக்கும், பின்னர்த் திருவரங்கப்பட்டணத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவரை எதிர்த்துப் போரிட்ட அயர் கூட், அடுத்த சில திங்கள்களில், 1783ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் மறைந்தார். 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் போர் முடிவுக்கு வந்தது.

களம் கூறும் செய்தி

பொள்ளிலூர் வெற்றியைத் திப்பு திருவரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். சோளிங்கருக்கு அத்தகைய ஓவியம் இல்லை. தோல்வியை எவரும் சுவரில் எழுதுவதில்லை. ஆயினும், ஹைதர் அலி என்னும் மனிதரை அறிய விரும்புவோர் காணவேண்டிய களம் அதுவே. எதிரியின் வறுமையை அவர் சரியாக அறிந்திருந்தார். அவ்வறுமையே எதிரியை விரைந்து போரிடத் தூண்டும் என்பதைக் கணிக்கத் தவறினார். பிழை புலப்பட்ட கணத்தில் பதறவில்லை. எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்று நொடியில் முடிவுசெய்தார். அம்முடிவுக்குரிய விலையைக் குதிரை வீரர்கள் தம் உயிரால் செலுத்தினர்.

இன்று சோளிங்கர் மலைப்படிகளில் ஏறுவோர் நரசிம்மரை வணங்கி, மேலிருந்து பசுமையான வயல்களைப் பார்த்துக் களைப்பாறுகின்றனர். அவ்வயல்களிடையே ஆங்காங்கே தலைநீட்டும் பாறைத்திட்டுகள், ஒரு காலைப்பொழுதில் ஒரு பேரரசின் போக்கு தடுமாறியதைக் கண்டவை. அடுத்தமுறை அம்மலையில் ஏறும்போது, வெற்றிபெற்ற தளபதியோடும் தோல்வியிலும் தளராத தலைவரோடும், பசியோடு நின்ற பெயரறியாச் சிப்பாய்களையும் நினைவில் கொள்வோம்.

தெரிந்து தெளிவோம்

மைசூர்ப் படையினர் பயன்படுத்திய ஏவுகணைகள் இரும்பு உறை கொண்டவை. உறை இரும்பாக இருந்தமையால் வெடிமருந்தை மிகுதியாக அடைக்கவும், தொலைவுக்குச் செலுத்தவும் இயன்றது. இவற்றை ஆராய்ந்தபின்னரே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ஏவுகணைகளை உருவாக்கினார். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சார்ந்த வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில், மைசூர்ப் படையினரின் ஏவுகணைகளைக் காட்டும் ஓவியம் ஒன்றைத் தாம் கண்டதை ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்று நூலான அக்கினிச் சிறகுகளில் பெருமிதத்தோடு பதிவு செய்துள்ளார்.